உலகத்துக்கு அம்மை குத்திய கிராம வைத்தியர்

1802-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் தேதி. லண்டன் காமன்ஸ் சபையில் ஓட்டு எண்ணிக் கொண்டிருந்தார்கள். யுத்த விவகாரமோ, ராஜ்ய விவகாரமோ அல்ல. ஒரு கிராமத்து வைத்தியருக்குச் சர்க்கார் கஜானாவிலிருந்து எவ்வளவு பணம் கொடுப்பது என்பதே அன்றைய பிரச்னை. 10,000 பவுன் போதும் என்றது ஒரு தரப்பு. 20,000 பவுனாவது கொடுக்க வேண்டும் என்றது மறு தரப்பு. எண்ணி முடித்தபோது அதிகம் கேட்டவர்கள் 56 பேர். போதும் என்றவர்கள் 59 பேர். மூன்றே ஓட்டு வித்தியாசத்தில் கஜானா 10,000 பவுனை மிச்சம் பிடித்தது.

அந்த வைத்தியர்தான் எட்வர்ட் ஜென்னர். பெரியம்மைக்குத் தடுப்பு கண்டவர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அவர் பெயரை அறிவார்கள். பசு, பால் கறக்கும் பெண், எட்டு வயதுப் பையன் என்ற அந்தக் கதையும் தெரிந்த கதைதான். ஆனால் தடுப்பைக் கண்ட பிறகு அவர் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முகம் அறியாத மக்களின் நோயைத் தடுக்க ஒரு நாட்டின் கஜானா செலவு செய்யலாமா? செய்தால் எவ்வளவு? இந்தக் கேள்வி அவர் வாழ்நாளிலேயே எழுந்துவிட்டது. அவரோடு மறைந்துவிடவும் இல்லை.

குதிரை லாயத்தில் ஒரு சிறுவன்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், கிளாஸ்டர்ஷயர் ஜில்லாவில் பெர்க்லி என்று ஒரு சிற்றூர். அங்கே 1749-ஆம் ஆண்டு மே 17-ஆம் தேதி ஜென்னர் பிறந்தார். தகப்பனார் அவ்வூர்ப் பாதிரியார். ஐந்து வயதிலேயே பையன் தாயையும் தகப்பனையும் இழந்தான். தமையனார் வளர்த்தார்.

அந்த நாளில் பெரியம்மை என்றால் ஐரோப்பாவே நடுங்கும். வருஷத்துக்குச் சுமார் 4,00,000 பேர் அந்தக் கண்டத்தில் மட்டும் அதனால் மாண்டதாகக் கணக்கிடுகிறார்கள். பிழைத்தவர்களில் பலருக்குக் கண் போயிற்று, முகம் தழும்பாயிற்று. அதற்கு ஒரு பழைய முறை இருந்தது. அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நோய் வராதவரின் தோலைக் கீறி உள்ளே வைப்பார்கள். லேசாக அம்மை போட்டு இறங்கிவிடும், பிறகு வராது. இந்தியாவிலும் துருக்கியிலும் நெடுநாளாக நடந்து வந்த முறைதான் அது. ஆனால் சிலருக்கு லேசாக வராமல் முழு வேகத்தோடு வந்துவிடும். அவர்களும் இறப்பார்கள், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் பரப்புவார்கள்.

எட்டு வயதில் ஜென்னருக்கு இந்த முறையில் அம்மை குத்தினார்கள். அதற்கு முன்னால் பல நாள் ரத்தம் எடுத்தார்கள். அரைப் பட்டினி போட்டார்கள். பிறகு மற்றப் பிள்ளைகளோடு ஒரு குதிரை லாயத்தில் அடைத்து வைத்தார்கள். பிழைத்து வெளியே வந்தான். அந்த லாயத்தை அவர் கடைசி வரையில் மறக்கவில்லை.

பதின்மூன்று வயது வாக்கில் சோட்பரி என்ற ஊரில் ஒரு வைத்தியரிடம் தொழில் பழகப் போனார். இருபத்தொரு வயதில் லண்டன் சென்று, புகழ் பெற்ற ரண வைத்தியர் ஜான் ஹண்டரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். காப்டன் குக் தம் முதல் கடற்பயணத்திலிருந்து கொண்டுவந்த உயிரினங்களை வகைப்படுத்தி வைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. அடுத்த பயணத்துக்கு வரும்படியும் அழைத்தார்கள். அவர் போகவில்லை, ஊருக்குத் திரும்பிக் கிராமத்து வைத்தியரானார். குயில் குஞ்சு மாற்றான் கூட்டில் செய்யும் அக்கிரமத்தை ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்காக 1789-இல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கியது.

பால் கறப்பவர்களுக்குப் பெரியம்மை வராது என்பது அந்தச் சீமையில் குடியானவர் பேச்சு. பசு மடியில் வரும் கோவசூரி அவர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டொரு கொப்புளத்தோடு போய்விடும். அதற்குப் பிறகு பெரியம்மை அவர்களை அண்டுவதில்லை. பெஞ்சமின் ஜெஸ்டி என்ற விவசாயி 1774-லேயே தம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கோவசூரியைக் குத்திப் பார்த்திருந்தார். ஆனால் அது ஒரு குடும்பத்தோடு நின்றது. அதைச் சோதித்து, எழுதி, உலகம் நம்பும்படி செய்தவர் ஜென்னர். 1796 மே 14-ஆம் தேதி, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்குக் குத்தினார். ஜூலை 1-ஆம் தேதி அதே பையனுக்குப் பெரியம்மைச் சீழையே குத்தினார். அம்மை வரவில்லை.

ராயல் சொஸைட்டி அந்தக் கட்டுரையை ஏற்கவில்லை. 1798-இல் ஜென்னர் தம் சொந்தச் செலவில் புத்தகமாக அச்சிட்டார். அதை எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போய் ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருந்தார். குத்திக்கொள்ள ஒருவர்கூட முன்வரவில்லை.

மறைத்து வைத்திருந்தால்

அதன் பிறகுதான் காற்று திரும்பியது. லண்டன் வைத்தியர்கள் சிலர் சோதித்துப் பார்த்து உண்மை என்றார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஐரோப்பா முழுவதும் கடிதம் எழுதிக் கேட்கத் தொடங்கிற்று. அமெரிக்காவில் ஜனாதிபதி ஜெபர்ஸன் தம் வீட்டாருக்கே குத்தச் செய்தார்.

அந்தக் காலத்து வைத்தியர்கள் கைகண்ட மருந்தை ரகசியமாக வைத்துக்கொண்டு பணம் குவிப்பது சர்வ சாதாரணம். ஜென்னர் அப்படிச் செய்யவில்லை. முறையைப் புத்தகத்தில் பகிரங்கமாக எழுதினார். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மைப் பாலை நூலில் நனைத்தும், கண்ணாடித் துண்டுகளின் நடுவே உலர்த்தியும் இலவசமாக அனுப்பினார். கடிதங்களுக்குப் பதில் எழுதுவதே முழு நேர வேலையாயிற்று. உலகத்துக்கே தாம் அம்மை குமாஸ்தா ஆகிவிட்டதாக வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம். குமாஸ்தாவுக்குச் சம்பளந்தான் இல்லை. தபால் செலவும் அவருடையது. கவனிப்பாரின்றிக் கெட்டுப்போன தொழிலும் அவருடையது. பெர்க்லியில் தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த ஒரு சிறு குடிசையில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் குத்தி வந்தார்.

இந்தியாவுக்கு ஒரு கப்பல்

இந்தியாவிலிருந்தும் வேண்டுகோள்கள் வந்தன. கம்பெனியின் மூன்று ராஜதானிகளிலும் வைசூரி ஊர் ஊராக வாரிக்கொண்டு போயிற்று. ஆனால் அம்மைப் பாலை இங்கே கொண்டுவருவது எப்படி? ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கப்பல் வந்து சேரப் பல மாதம் ஆகும். நூலில் காய்ந்திருந்த பால் வழி வெயிலிலேயே செத்துவிடும். அனுப்பியதெல்லாம் வீணாயிற்று.

ஜென்னர் ஒரு யோசனை சொன்னார். பெரியம்மை வராத ஆட்கள் இருபது பேரை ஒரு கப்பலில் ஏற்றுவது. முதலில் ஒருவருக்குக் குத்துவது, அவர் கையில் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து அடுத்தவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவது போல, கப்பல் கரை சேரும் வரையில் அம்மைப் பாலை உயிரோடு வைத்திருக்கலாம். இந்த யோசனையை மந்திரி ஹோபர்ட் பிரபுவிடம் தெரிவித்தார்.

சர்க்கார் அசையவில்லை. யுத்தச் செலவு ஒரு பக்கம். இது யார் இலாகா, யார் கணக்கு என்ற தயக்கம் மறுபக்கம். காத்துக் காத்துப் பார்த்த ஜென்னர், பொதுமக்களிடம் சந்தா சேர்த்தாவது கப்பலை அனுப்புவது என்று தீர்மானித்தார். பட்டியலில் முதல் தொகையாக 1,000 கினி தாமே தருவதாக முன்வந்தார். அப்போது அவர் பணக்காரர் அல்ல.

அந்தக் கப்பல் புறப்படவில்லை; புறப்பட அவசியமும் இல்லாமற் போயிற்று. வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா வழியாகத் தரை மார்க்கத்தில், கைக்குக் கை மாறி, வைத்தியர்களின் சொந்த முயற்சியால் அம்மைப் பால் பம்பாய் வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14-ஆம் தேதி, அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்குக் குத்தியது பலித்தது. அந்தச் சிறு கையிலிருந்துதான் இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பரவியது. சர்க்கார் நினைத்திருந்தால் அதற்கு முன்பே வந்திருக்கும். நடுவில் போன உயிர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை.

சபையில் நடந்த வாதம்

பம்பாயில் அது பலிப்பதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் லண்டனில் அந்த ஓட்டு எடுக்கப்பட்டது.

ஜென்னரின் விண்ணப்பம் மார்ச் மாதத்தில் பார்லிமெண்டுக்குப் போயிருந்தது. அட்மிரல் பெர்க்லி தலைமையில் ஒரு கமிட்டி சாட்சிகளை விசாரித்தது. பெரும்பாலான வைத்தியர்கள் ஜென்னருக்கு ஆதரவாகச் சொன்னார்கள். கோவசூரி விஷயம் குடியானவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் இவர் கண்டுபிடித்தது என்ன என்று கேட்டவர்களும் உண்டு.

சபையில் விவாதம் சூடாகவே நடந்தது. ஜென்னர் தரப்பினர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வருஷத்துக்கு 40,000 உயிர்கள் தப்பும். உயிருக்குப் பத்து ஷில்லிங் என்று வைத்தாலும் ஆண்டுதோறும் 20,000 பவுன் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு முறை கொடுப்பதற்கா இவ்வளவு யோசனை என்றார்கள். பிரதம மந்திரி ஆடிங்டன் ஜென்னரைப் புகழ்வதில் குறை வைக்கவில்லை. ஆனால் சபையின் பாராட்டே பெரிய வெகுமதி என்றும், அந்தப் புகழால் அவருக்கு வைத்தியத் தொழில் பெருகும் என்றும், பொதுப் பணத்தை இறுக்கிப் பிடிப்பது தம் கடமை என்றும் சொன்னார்.

ஆடிங்டனைக் கருமி என்று தள்ளிவிட முடியாது. பிரான்ஸோடு ஒன்பது வருஷம் நடந்த யுத்தம் அந்த மார்ச் மாதத்தில்தான் ஓய்ந்திருந்தது. கஜானா வறண்டு கிடந்தது. வரி கொடுப்பவனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் இரு தரப்புக் கணக்கிலும் ஒரு குறை இருந்தது. தப்பும் உயிர் என்று அவர்கள் எண்ணியது தங்கள் நாட்டு உயிரை மட்டுமே. கடலுக்கு அப்பால் தப்பப்போகும் உயிர்களுக்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் பத்தியே இல்லை.

கிடைத்த 10,000 பவுனும் உடனே கைக்கு வரவில்லை. இரண்டு வருஷம் இழுத்தடித்து, கட்டணம் என்று சுமார் 1,000 பவுன் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். இதற்கிடையில், தொழில் பெருகும் என்ற வார்த்தையை நம்பி ஜென்னர் லண்டனில் பெரிய வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அம்மை குத்துவதை எல்லா வைத்தியர்களுக்கும் கற்றுக் கொடுத்துவிட்டவரிடம் யார் தேடி வருவார்கள்? வருமானத்தைவிடச் செலவே மிஞ்சியது. மீண்டும் பெர்க்லிக்குத் திரும்பினார்.

ஸ்பெயின் ராஜா செய்த செலவு

இங்கிலாந்து யோசித்துக் கொண்டிருந்ததை ஸ்பெயின் செய்து காட்டியது. நான்காம் சார்லஸ் ராஜாவின் குடும்பத்திலேயே அம்மை புகுந்திருந்தது. அமெரிக்கக் கண்டத்திலும் பிலிப்பைன்ஸிலும் இருந்த தம் ராஜ்யங்களுக்கு அம்மைப் பாலைக் கொண்டு போக, அரசாங்கச் செலவிலேயே ஒரு கப்பலை அனுப்ப அவர் உத்தரவிட்டார். 1803 நவம்பர் 30-ஆம் தேதி கொருன்யா துறைமுகத்திலிருந்து டாக்டர் பால்மிஸ் தலைமையில் அது புறப்பட்டது. ஜென்னர் ஹோபர்ட் பிரபுவிடம் சொன்ன அதே ஏற்பாடுதான். கையிலிருந்து கைக்கு அம்மைப் பாலைக் கொண்டு சென்றவர்கள் மட்டும் சிப்பாய்கள் அல்ல; 22 அநாதைச் சிறுவர்கள். இஸபெல் சென்டால் என்ற அம்மையார் அவர்களைக் கவனித்துக் கொண்டார்.

போர்ட்டோ ரிக்கோ, வெனிசுலா, மெக்ஸிகோ என்று அம்மைப் பால் போயிற்று. மெக்ஸிகோவில் வேறு சிறுவர்களை ஏற்றிக்கொண்டு பால்மிஸ் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்தார். 1805-இல் பிலிப்பைன்ஸும், அங்கிருந்து சீனத்துக் காண்டன் நகரமும் அதைப் பெற்றன. ஓர் அரசாங்கம் பணம் போட்டு உலகத்தைச் சுற்றி நோய்த் தடுப்பை அனுப்பியது அதுவே முதல் தடவை. அதைவிட உயர்ந்த தரும காரியத்தைச் சரித்திரத்தில் காண்பதரிது என்று ஜென்னர் எழுதினார்.

ராஜாவின் எண்ணம் முழுவதும் தருமம் என்று சொல்லிவிட முடியாது. குடிகள் செத்தால் வரி குறையும், வேலைக்கு ஆள் குறையும் என்ற கணக்கும் இருந்தது. அந்த அநாதைச் சிறுவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. அயலாருக்கு அரசாங்கம் செய்யும் உதவியில் கருணையும் சுயநலமும் கலந்தே இருக்கும் என்பதை அந்தக் கப்பலே காட்டிற்று. ஆயினும் அம்மை தடுக்கப்பட்டது.

சென்னையிலிருந்து போன பணம்

ஜென்னர் கடன்பட்டுத் திண்டாடுகிறார் என்ற செய்தி கடல் கடந்தது. இந்தியாவில் சந்தா திரட்டினார்கள். கம்பெனி உத்தியோகஸ்தர்களும் பிறரும் கொடுத்த அந்தத் தொகை கல்கத்தாவிலிருந்து 4,000 பவுன், பம்பாயிலிருந்து 2,000 பவுன், சென்னையிலிருந்து 1,383 பவுன். மொத்தம் 7,383 பவுன். எந்த நாட்டுக்கு ஒரு கப்பலை அனுப்ப லண்டன் தயங்கிற்றோ, அந்த நாட்டிலிருந்து பணம் திரும்பிப் போயிற்று.

பார்லிமெண்டிலும் விஷயம் மறுபடி எழுந்தது. வைத்தியக் கல்லூரியார் முழுதும் ஆராய்ந்து ஜென்னருக்குச் சாதகமாக அறிக்கை கொடுத்தார்கள். 1807 ஜூலை 29-ஆம் தேதி நிதி மந்திரி பெர்சிவல் 10,000 பவுனுக்குப் பிரேரணை கொண்டுவந்தார். எட்வர்ட் மாரிஸ் என்ற அங்கத்தினர் 20,000 என்று திருத்தம் கொடுத்தார். இந்தத் தடவை திருத்தம் வென்றது: 60-க்கு 47. அடுத்த ஆண்டில் தேசிய அம்மை ஸ்தாபனம் ஒன்றும் சர்க்கார் செலவில் ஏற்பட்டது. உள்நாட்டுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் அங்கிருந்து அம்மைப் பால் இலவசமாகப் போயிற்று. ஐந்து வருஷத்தில் சபையின் மனம் மாறியதற்குக் காரணம் பேச்சு அல்ல. அந்த ஐந்து வருஷத்தில் கண்ணெதிரே தப்பிய உயிர்கள்தாம்.

ஜென்னர் குறையே இல்லாதவர் என்று சொல்வதற்கில்லை. ஒரு முறை குத்தினால் ஆயுள் முழுவதும் காப்பு என்று பிடிவாதமாக நம்பினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. கைக்குக் கை பால் எடுப்பதில் வேறு வியாதி தொற்றவும் இடமுண்டு என்பதும் தெரிய வந்தது. எதிர்த்தவர்கள் எல்லோரும் மூடர்கள் அல்லர். அவர்களுடைய கேள்விகளால்தான் முறை திருந்திற்று.

கடைசிக் காலம் அவருக்குச் சுகமாக இல்லை. 1810-இல் மூத்த மகன் க்ஷயத்தில் மாண்டான். 1815-இல் மனைவி காதரைன் போனார். ஜென்னர் பெர்க்லியை விட்டு அதிகமாக நகரவில்லை. 1823 ஜனவரி 26-ஆம் தேதி, 73-ஆம் வயதில், பாரிச வாயுவால் இறந்தார். அவ்வூர் மாதா கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். பிற்காலத்தில் பல நாட்டார் சந்தா கொடுத்து எழுப்பிய அவருடைய சிலை 1858-இல் லண்டன் டிராபால்கர் சதுக்கத்தில் நின்றது. தளபதிகள் நடுவே ஒரு வைத்தியர் நிற்பதைப் பலர் விரும்பவில்லை. நான்கே வருஷத்தில் அதை ஒரு பூங்காவுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

இரண்டே ஓட்டு

ஜென்னர் மறைந்து 143 ஆண்டு கழித்து, 1966-ஆம் ஆண்டு ஜினீவாவில் உலக சுகாதார மகாசபை கூடியது. பெரியம்மையைப் பூமியிலிருந்தே ஒழிக்க வருஷத்துக்கு 24 லட்சம் டாலர் ஒதுக்குவது பற்றிய யோசனை அதன்முன் இருந்தது. அதிகம் கொடுக்க வேண்டிய பணக்கார நாடுகள் பல ஆக்ஷேபித்தன. நடக்காத காரியத்துக்கு ஏன் பணம், தங்கள் நாட்டில் இல்லாத நோய்க்குத் தங்கள் மக்கள் ஏன் வரி கொடுக்க வேண்டும் என்ற கேள்விகள் எழுந்தன. அந்த ஸ்தாபனத்தின் தலைவருக்கே நம்பிக்கை இல்லை. முடிவில் தேவைக்கு மேல் இரண்டே ஓட்டில் அது நிறைவேறியது. 1802-இல் மூன்று ஓட்டில் தோற்றது. 1966-இல் இரண்டு ஓட்டில் பிழைத்தது.

1967-இல் வேலை தொடங்கியது. 1975-இல் இந்தியாவில் பெரியம்மை அற்றது. 1977-இல் சோமாலியாவோடு உலகத்திலேயே அற்றது. 1980-இல் அதை அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் மூன்றில் இரண்டு பங்கை, நோய் இருந்த ஏழை நாடுகளே தங்கள் பையிலிருந்து போட்டன. வெளியிலிருந்து வந்தது சுமார் 9 கோடியே 80 லட்சம் டாலர்தான். அதன் பிறகு எந்த நாடும் தன் மக்களுக்கு அம்மை குத்த வேண்டியதில்லை. அந்தச் செலவு நின்றதால், அதிகமாகப் பணம் கொடுத்த அமெரிக்கா தன் முழுப் பங்கையும் 26 நாளுக்கு ஒரு தரம் திரும்பப் பெறுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அயலாருக்குக் கொடுத்த பணம் வட்டியோடு வீடு வந்து சேர்ந்தது.

எல்லா உதவியும் இப்படிப் பலிக்கும் என்பதில்லை. வீணாகப் போன பணமும் உண்டு. அதனால்தான் வாதம் ஓயவில்லை. 2025-இல் அமெரிக்க அரசாங்கம் தன் அயல்நாட்டு உதவி நிறுவனத்தைக் கலைத்தது. ஜென்னரின் நாடான பிரிட்டனும் அதே ஆண்டில், ராணுவச் செலவுக்காக வெளிநாட்டு உதவியைக் குறைப்பதாக அறிவித்தது. ஆடிங்டன் சொன்ன நியாயங்களே மறுபடி கேட்டன: கஜானா வறண்டிருக்கிறது; யுத்தச் செலவு இருக்கிறது; நம் ஜனங்களை முதலில் பார்க்க வேண்டும்.

அவை பொய்யான நியாயங்கள் அல்ல. ஆனால் கொடுத்த பணம் கணக்கில் ஏறும். கொடுக்காததால் போன உயிர் எந்தக் கணக்கிலும் ஏறாது. பெர்க்லி கிராமத்து வைத்தியர் 1,000 கினி தருவதாகச் சொல்லி, ஒரு நாளும் பார்க்காத ஒரு நாட்டுக்குக் கப்பல் அனுப்ப முயன்றபோது, அந்த ஏறாத கணக்கைத்தான் எழுதிப் பார்த்தார்.